வெள்ளிக்கிழமைக் கரும்பலகை: யாழ்ப்பாணத்துச் சொற்புதிர்களின் வரலாற்றில் ஒரு பக்கம்

நூற்றாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது எங்களுக்குத் தயக்கமாக இருந்தது. கல்லூரியின் தோற்றம், அதிபர்கள், கட்டடங்கள், வலைப்பந்தாட்ட வெற்றிகள் பற்றியெல்லாம் எங்களைவிட நன்றாகத் தெரிந்த அக்காமார் எழுதுகிறார்கள். 1995 இல் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமான எங்கள் வகுப்பினருக்குச் சொந்தமாக இருப்பது மிகச் சிறிய விடயம் ஒன்றுதான். வார இறுதிப் பத்திரிகையில் வரும் சொற்புதிர், கட்டங்களுக்குள் ஒரு மேற்கோளை மறைத்து வைத்திருக்கும் அந்தப் புதிர், எப்படி எங்கள் வகுப்பறைக் கரும்பலகைக்கு வந்து சேர்ந்தது என்பது. அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும்.

சொல்லை ஒளித்து விளையாடுவது தமிழுக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் 'பிசி' என்று சொல்வதும் எங்கள் ஊர்ப் பாட்டிமார் 'நொடி' என்று சொல்வதும் ஒரே குடும்பம். திண்ணையில் இருந்து நொடி போடுவதும் அதை அவிழ்ப்பதும் எங்கள் தலைமுறை வரைக்கும் இருந்தது. புலவர்கள் இதை இன்னும் கடினமாக்கினார்கள். தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் கோமூத்திரி தொடங்கி அக்கரச் சுதகம் வரை பன்னிரண்டு மிறைக்கவிகளைச் சொல்கிறது. அவற்றில் மூன்று எங்களுக்கு நேரே உறவு. வினாவுத்தரத்தில் பல கேள்விகளின் விடைகளைச் சேர்த்தால் ஒரு பெயர் வரும். முருகன் கையில் இருப்பது எது? வேல். ஆற்றை மறிப்பது எது? அணை. இரண்டையும் சேர்த்தால் தீவகத்தில் ஓர் ஊர் வந்துவிடும். கரந்துறைச் செய்யுளில் ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருக்கும். காதை கரப்பு இன்னும் பொல்லாதது. பாட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து ஓர் எழுத்து விட்டு ஓர் எழுத்தாகப் பின்னோக்கிப் படித்தால் வேறொரு செய்யுள் எழுந்து வரும்.

எலிசபெத் கிங்ஸ்லி என்ற அமெரிக்கப் பெண்மணி 1934 மார்ச் 31 அன்று 'சற்றர்டே ரிவியூ' இதழில் ஒரு புதுவகைப் புதிரை வெளியிட்டார். குறிப்புகளுக்கு விடை கண்டு, அந்த விடைகளின் எழுத்துகளை எண் பார்த்து இன்னொரு கட்டத்துக்கு மாற்றினால் ஒரு மேற்கோள் தோன்றும். விடைகளின் முதல் எழுத்துகளைக் கீழ்நோக்கிப் படித்தால் அந்த மேற்கோளை எழுதியவரின் பெயரும் நூலின் பெயரும் கிடைக்கும். உலகமே வியந்தது. வியக்க வேண்டியதுதான். ஆனால் வினாவுத்தரத்தையும் கரந்துறைச் செய்யுளையும் ஒரு வீட்டில் குடிவைத்தால் ஏறக்குறைய அதுதான் வரும் என்று எங்கள் தமிழ் ரீச்சர் சொல்லுவா. அவர் அம்மையாரிடம் குறை காணவில்லை. எங்களிடம் இருந்ததை நாங்கள் மறந்துவிட்டோமே என்பதுதான் அவவின் கவலை.

குறுக்கெழுத்து அதற்கு முந்தியது. ஆதர் வின் அமைத்த முதற் கட்டம் 1913 டிசெம்பர் 21 அன்று 'நியூயோர்க் வேர்ல்ட்' பத்திரிகையில் வந்தது. தமிழில் அது பரவியது 1930களில். ஆனந்த விகடன் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டிகள் கடல் கடந்து யாழ்ப்பாணத்து விறாந்தைகளுக்கும் வந்தன. அதே காலத்தில்தான் இங்கும் பத்திரிகைகள் தழைத்தன. 1841 இல் அமெரிக்க மிசன் தொடக்கிய உதயதாரகை ஏற்கெனவே நீண்ட காலம் நடந்து வந்தது. 1930 இல் சுன்னாகத்தில் நா. பொன்னையா ஈழகேசரியைத் தொடங்கினார். அதே ஆண்டு கொழும்பில் வீரகேசரி. 1932 இல் தினகரன். 1959 இல் யாழ்ப்பாணத்திலேயே ஈழநாடு. கொழும்புப் பத்திரிகைகள் இரவுத் தபால் புகையிரதத்தில் ஏறி வந்தன. ஐம்பது அறுபதுகளில் படித்த அக்காமாரைக் கேட்டால், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ஐயா அரசியலைப் படித்து முடிக்கும்வரை பின்பக்கத்துக் கட்டத்தைத் தலைகீழாக நின்று பார்த்த கதையைச் சொல்லுவார்கள்.

போட்டி என்றால் பணம். பணம் என்றால் தகராறு. 'நெருப்பு', 'செருப்பு' இரண்டும் பொருந்தக்கூடிய ஒரு குறிப்பைப் போட்டுவிட்டு, ஆசிரியர் உறைக்குள் எழுதி வைத்ததுதான் சரி என்று சொன்னால் அது அறிவா, அதிர்ஷ்டமா? இந்தியாவில் இந்தக் கேள்வி நாடாளுமன்றம் வரைக்கும் போய், 1955 இல் பரிசுப் போட்டிச் சட்டம் வந்தது. ஒரு மாதத்தில் மொத்தப் பரிசு ஆயிரம் ரூபாவைத் தாண்டக்கூடாது என்றது அது. இரண்டு ஆண்டுகளின் பின் உயர்நீதிமன்றம், அறிவை நம்பிய போட்டிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, அதிர்ஷ்டத்தை நம்பிய போட்டிக்கு மட்டுமே பொருந்தும் என்று தீர்ப்புச் சொன்னது. எங்களுக்குப் பிடித்த மேற்கோள் புதிரில் இந்தச் சண்டைக்கு இடமே இல்லை. மேற்கோள் வந்தால் வந்தது. வராவிட்டால் எங்கோ பிழை.

இந்த வரலாற்றை ஒழுங்காக எழுத முடியாமல் இருப்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று நெருப்பு. 1981 ஜூன் முதலாம் திகதியை ஒட்டிய இரவுகளில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரிந்தது. ஈழநாடு அலுவலகமும் எரிந்தது. மற்றது கத்தரிக்கோல். போட்டிக்கு அனுப்புவதற்குக் கட்டத்தை வெட்டியாக வேண்டும். எங்கள் வீடுகளில் எப்படியோ தப்பிய பழைய பத்திரிகைக் கட்டுகளில் பின்பக்கத்தில் ஒரு சதுர ஓட்டை இருக்கும். தலையங்கம் இருக்கும், மரண அறிவித்தல் இருக்கும், புதிர் மட்டும் இராது. நெருப்பில் போனது எங்கள் குற்றமில்லை. ஓட்டைக்கு நாங்களும் எங்கள் சித்திமாரும்தான் பொறுப்பு.

இனி எங்கள் காலம். 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியது. புகையிரதம் நின்றது, யாழ்ப்பாணத்துக்கு அது திரும்பி வர 2014 ஒக்ரோபர் ஆயிற்று. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எல்லாவற்றுக்கும் தடை அல்லது தட்டுப்பாடு. பத்திரிகைத் தாளும் வரவில்லை. உதயனும் ஈழநாதமும் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்த நாட்களை இந்த மலரை வாசிக்கும் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். எழுத்துக்குக் குறுக்கே நீலக்கோடு ஓடும். பக்கங்கள் சுருங்கின. செய்திக்கே இடமில்லாதபோது விளையாட்டுக்கு எங்கே இடம்? எங்கள் விடுதிக்கு வந்துகொண்டிருந்த வார இறுதி இதழில் முதலில் சிறுகதை குறைந்தது. ஒருநாள் புதிரும் இல்லாமல் போயிற்று.

பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று இப்போது சொன்னால் சிரிப்பார்கள். விமானக் குண்டுக்குப் பதுங்குகுழி வெட்டியிருந்த பள்ளிக்கூடத்தில் புதிர் இல்லை என்று கவலைப்பட்டோம். எங்கள் தமிழ் ரீச்சர் சிரிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் முடிந்ததும் கரும்பலகையை நன்றாக அழித்துவிட்டு மூலையில் ஒரு கட்டம் கீறினா. வெண்கட்டிக்கும் தட்டுப்பாடு என்பதால் கோடுகள் மெல்லியதாக இருந்தன. பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் அதைப் பார்த்து எழுதிக்கொண்டோம். விடை திங்கட்கிழமை. இப்படி 1993 இல் தொடங்கியது, இரண்டு ஆண்டுக்கு மேல் நடந்தது.

அமைப்பு எளிமையானது. சிறு குறிப்புகள் வரும். கிணற்றில் நீர் இறைக்க உதவுவது, இரண்டு எழுத்து: துலா. பரப்பில் அளப்பது, இரண்டு எழுத்து: காணி. கலியாண வீட்டுக்குக் கட்டாயம் வரவேண்டியது, மூன்று எழுத்து: உறவு. துலாவில் முதலெழுத்து, காணியில் இரண்டாவது, உறவில் மூன்றாவது எடுத்தால் 'துணிவு'. இப்படிப் பதினைந்து இருபது விடைகளிலிருந்து எழுத்துகள் கீழே உள்ள எண் கட்டங்களுக்கு இறங்கினால் ஒரு பழமொழியோ ஆத்திசூடி வரியோ வரும். பெரும்பாலும் வந்தது குறள்.

ஆங்கிலத்தில் 26 எழுத்து. தமிழில் 247. ஆகவே புதிரை அமைப்பவருக்குத் தமிழ் பெரிய சோதனை. 'ணி' வேண்டுமென்றால் 'ணி' உள்ள சொல்லைத்தான் தேடவேண்டும், 'ண' உதவாது. அவிழ்ப்பவருக்கோ அது வரம். ஓர் எழுத்துக் கிடைத்தாலும் அது நிறையச் சொல்லிவிடும். புள்ளி வைத்த வல்லின மெய் ஒரு சொல்லின் கடைசியில் நின்றால் அடுத்த சொல் அதே எழுத்தில் தொடங்குகிறது. 'ஞ்' வந்தால் பக்கத்துக் கட்டத்தில் பெரும்பாலும் சகரம். 'ங்' வந்தால் ககரம். நன்னூலில் மொழிமுதல் எழுத்து, இறுதிநிலை, மெய்ம்மயக்கம் என்று மனப்பாடம் செய்யச் சொன்னபோது தூங்கிய நாங்கள், வெள்ளிக்கிழமைக் கட்டத்துக்காக அதே பாடத்தைப் புரட்டினோம்.

"ரீச்சர், இதிலை ஒரு சொல் 'ட'விலை தொடங்குது."

"அப்ப உங்கடை எண்ணிக்கை பிழை. தமிழிலை 'ட' முதலிலை வராது."

"டமாரம் எண்டு இருக்கே, ரீச்சர்?"

"டமாரத்தை வள்ளுவர் அடிக்கேல்லைப் பிள்ளை. திரும்ப எண்ணுங்கோ."

எண்ணிப் பார்த்தால் பிழை எங்களுடையதுதான்.

குறளுக்கென்று இன்னொரு சாவியும் தந்தா. 1330 குறள், ஒவ்வொன்றிலும் ஏழு சீர். மொத்தம் 9310 சீர்களும் வெண்பா இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டவை. முதலடியில் நாலு சீர், இரண்டாம் அடியில் மூன்று. ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நாலு வாய்பாட்டில் ஒன்றாகத்தான் இருக்கும். எனவே கடைசிச் சொல் 'கால்' போன்றதா, 'கடல்' போன்றதா, 'பாட்டு' போன்றதா, 'உலகு' போன்றதா என்று ஓசையைக் கொண்டே ஊகிக்கலாம். மாச்சீர் முடிந்த இடத்தில் அடுத்தது நிரையில் தொடங்கவேண்டும். விளமும் காயும் முடிந்தால் நேர். முதலடியின் இரண்டாம் எழுத்துத் தெரிந்தால் இரண்டாம் அடியின் இரண்டாம் எழுத்தும் பல வேளைகளில் கையில் வந்துவிடும், எதுகையின் புண்ணியத்தில். "பிள்ளையள், சொல்லைத் தேடாதேங்கோ. முதலிலை ஓசையைக் கேளுங்கோ, சொல் பிறகாலை தானாய் வரும்" என்பா. இரவு ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி ஐந்து தலைகள் மேசையில் விரல் தட்டிக்கொண்டிருக்கும். தேமா, புளிமா. மேற்பார்வை அக்கா வந்து, "சோதினைக்குப் படியாமல் என்ன தாளம் போடுறியள்?" என்று கேட்டா. அது படிப்புத்தான் என்று சொன்னோம், அவ நம்பவில்லை. எண்ணெயை மிச்சம் பிடிக்கச் சொல்லி விளக்கை எடுத்துக்கொண்டு போனா. இருட்டில் தட்டினோம்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று எங்களில் சிலரும் அப்போது நினைத்தோம். பின்னர்தான் யாழ்ப்பாணத்துக்கு இது எவ்வளவு பழக்கமான வேலை என்று விளங்கியது. ஏட்டுச்சுவடியில் மெய்க்குப் புள்ளி இராது. ரகரத்துக்கும் காலுக்கும் ஒரே வடிவம். எகர ஏகார வேறுபாடும் இல்லை, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. செல்லரித்த இடத்தில் எழுத்தே இல்லை. அந்த ஏடுகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் நல்லூர் ஆறுமுக நாவலர் 1861 இல் திருக்குறளைப் பரிமேலழகர் உரையோடு பதிப்பித்தார், சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார். வெற்றுக் கட்டத்தில் எந்த எழுத்து நிற்கும் என்பதை அவர்களும் தளையையும் எதுகையையும் வைத்தே சோதித்திருக்கவேண்டும். ரீச்சர் இதைச் சொன்ன நாளில் எங்களுக்கு வந்த பெருமை இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

1995 ஒக்ரோபர் 17 இல் வலிகாமத்தை நோக்கிய படை நடவடிக்கை தொடங்கியது. அந்த மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை எழுதப்பட்டதுதான் கடைசிப் புதிர். அதன் விடையை எங்களில் எவரும் கேட்கவில்லை; சொல்லவேண்டிய திங்கட்கிழமை விடுதியில் பிள்ளைகள் இல்லை, பெற்றோர் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஒக்ரோபர் 30, அதுவும் ஒரு திங்கட்கிழமை, வலிகாமமே எழுந்து நடந்தது. மழை. இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்குள் போனது. அடுத்தவரின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாத நெரிசலில் ஓர் அடி வைக்கப் பல நிமிடம். எங்கள் ஐவரில் மூவர் அந்த இரவில் ஒரே தெருவில் நடந்திருக்கிறோம். ஒருவரை ஒருவர் காணவில்லை.

கடைசிப் புதிரின் படி எங்களில் ஒருத்தியின் கொப்பிக்குள் இருந்தது. எழுத்து அழகு என்பதால் எப்போதும் அவள்தான் எழுதுவாள். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட மரத்தடியில் டிசெம்பரில் அவளைக் கண்டபோது, கொப்பி பையில் பத்திரமாக இருக்கிறது, நாலு சீர் வந்துவிட்டது, மிச்சத்தைப் பிறகு இருந்து பார்ப்போம் என்றாள். 1996 இல் மற்றவர்கள் யாழ்ப்பாணம் திரும்பினோம். அவளுடைய குடும்பம் கிளாலியால் வன்னிக்குப் போனது. 2002 இல் பாதை திறந்தபோது ஒரு கடிதம் வந்தது. ஆசிரியையாக இருப்பதாகவும் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் கட்டம் போடுவதாகவும் எழுதியிருந்தாள். புதிரைப் பற்றிக் கேட்டு நாங்கள் போட்ட பதில் போய்ச் சேர்ந்ததோ தெரியாது. 2009 இன் பின் அவளைப் பற்றிய செய்தி எங்களுக்கு இல்லை.

ரீச்சரிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டோம், பிந்திக் கேட்டோம். அவ ஓய்வு பெற்றபின் மூளையின் இடப்பக்கத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, பேச்சுப் போயிற்று. வைத்தியராக அல்ல, மாணவிகளாகவே பார்க்கப் போனோம். மேசையில் இருந்த கண்ணாடியைக் காட்டினால் பெயர் வராது. மகளின் பெயரே வராது. ஆனால் ஒரு குறளின் முதற்சீரைச் சொன்னால் மற்ற ஆறு சீரும் தடங்கலில்லாமல் வந்தன. மருத்துவத்தில் இது அறியப்பட்ட விடயம்தான்: சிறுவயதில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பதிந்த தொடர்கள், புதிதாகச் சொல் தேடும் திறன் குலைந்த பின்னும் பல வேளைகளில் தப்பி நிற்கும். பாட்டும் பிரார்த்தனையும் எண் வரிசையும் அப்படியே. இதை விரிவுரையில் படித்திருந்தோம். அவவின் வாயிலிருந்து கேட்டபோது எங்களில் ஒருத்தி வெளியே போய் நின்றுவிட்டாள். ஒக்ரோபர்ப் புதிரைப் பற்றிக் கேட்டோம். எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தா. மேசையில் விரலால் தட்டினா. அவ்வளவுதான்.

வைத்தியர் என்பதால் பலர் எங்களிடம், புதிர் போட்டால் மறதிநோய் வராதா என்று கேட்கிறார்கள். நியூயோர்க்கில் முதியோரை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2011 இல் வெளியானது. பின்னாளில் மறதிநோய் கண்டவர்களுள், குறுக்கெழுத்துப் பழக்கம் உள்ளவர்களுக்கு நினைவின் வேகமான சரிவு சுமார் இரண்டரை ஆண்டு பிந்தித் தொடங்கியது என்றது அது. பிந்தியதே தவிர வராமல் விடவில்லை. அதற்குமேல் வாக்குக் கொடுக்க எங்களால் முடியாது. குருதி அமுக்கத்துக்கும் சீனிக்கும் மருந்தை ஒழுங்காக எடுங்கள், புதிரையும் போடுங்கள் என்று சொல்லி அனுப்புகிறோம்.

சென்ற ஆண்டு கொழும்பு, இலண்டன், ரொறன்ரோ என்று சிதறியிருக்கும் எங்கள் நால்வரும் ஓர் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கூடி, கடைசிப் புதிரை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தோம். கிடுகு ஒரு விடை என்பதில் எல்லோரும் உடன்பாடு. பனாட்டு இருந்தது என்று இருவர், இல்லை ஒடியல் என்று ஒருத்தி. மேற்கோளின் ஈற்றுச்சீர் மலர் வாய்பாடு என்று ஒருத்தி சத்தியம் செய்கிறாள். காசு என்று மற்றவள். குறள்தானா என்பதிலேயே இப்போது சந்தேகம் வந்துவிட்டது. ரீச்சர் எப்போதாவது சோமசுந்தரப் புலவரையும் வைப்பா.

அந்த வெள்ளிக்கிழமை வகுப்பில் நாற்பது பேருக்குக் குறையாமல் இருந்தோம். விடுதிப் பிள்ளைகள் மட்டுமல்ல, வீட்டிலிருந்து வந்தவர்களும் பார்த்து எழுதினார்கள். பரீட்சைத் தாளின் பின்பக்கம், மெல்லிய கட்டங்கள், ஏழோ எட்டோ வரிசை. பழைய சான்றிதழ்க் கோவைக்குள்ளோ, அம்மா கட்டி வைத்த றங்குப் பெட்டிக்குள்ளோ எவரிடமாவது அது இருந்தால் சங்கத்தின் செயலாளருக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். விடை எழுதி அனுப்பவேண்டாம். கட்டம் மட்டும் போதும்.